ஆற்றைக் கேட்டுப் புறப்படுவோம்

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளிற் பயணப் பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. வான் பிடிப்பதா பஸ்ஸிற் போவதா, யார் யார் வருவார்கள், புளிச்சாதம் கட்டுவதா இடியப்பமும் சம்பலும் எடுப்பதா என்னும் ஆலோசனை மூன்று இரவுகள் நீளும். ஆனால், போகும் இடத்தில் அன்றைக்கு ஆறு எப்படியிருக்கும், மழை எப்பொழுது இறங்கும், காட்டுட் புகுவதற்கு யாருடைய அநுமதி வேண்டும் என்று ஐந்து நிமிடமேனும் ஆராயும் குடும்பங்கள் மிகச் சிலவே. ‘ஆழமறியாமற் காலை விடாதே’ என்று பாட்டிமார் சொல்லிவைத்த பழமொழியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுகின்றோம்.

அப்பழமொழியின் பொருளை ஒரே நாளிற் கற்பிக்கவல்ல ஊர் ஒன்று நம் சப்பிரகமுவ மாகாணத்தில் உண்டு. அதுவே கித்துல்கல. கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருந்தெருவில், எட்டியாந்தோட்டைக்கும் கினிகத்தேனைக்கும் இடையே களனி கங்கையின் கரையில் அமைந்த சிற்றூர் இது. கொழும்பிலிருந்து ஏறக்குறையத் தொண்ணூறு கிலோமீற்றர் தூரம். கித்துள் மரத்தையும் கல்லையும் சேர்த்து வழங்கிய சிங்களப் பெயர் இது. நாம் கருப்பட்டியும் பாணியும் பெறும் அதே கித்துள் மரந்தான். இருபுறமும் மலை, நடுவே ஆறு, மலைச்சரிவெங்கும் இறப்பரும் தேயிலையும், அவற்றிற்கு மேலே கருங்காடு, இவையே இவ்வூரின் வடிவம்.

இங்கு ஒருநாட் பயணமாக வருவோரும், இதனை இருப்பிடமாகக் கொண்டு காடும் மலையும் அருவியும் காணப் புறப்படுவோரும் முதலில் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இப்பள்ளத்தாக்கில் நேரத்தை வகுப்பது நீர். மழையாகவும், ஆறாகவும், மின்னாலையிலிருந்து வெளிப்படும் வெள்ளமாகவும் அது நம் திட்டத்தை நடத்துகின்றது. நீரைக் கேட்டுத் திட்டமிட்டவர் எல்லாவற்றையும் கண்டு நலமே வீடு திரும்புவர். கேளாதவர் இழப்பது, சிலவேளை, ஒருநாள் இன்பம் மட்டுமாக இராது.

மழையின்றி எழும் வெள்ளம்

களனி கங்கை எங்கிருந்து வருகின்றது என்பதை நம் மாணவர் பாடப்புத்தகத்திற் படித்திருப்பர். சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த மலைத்தொடரிற் பிறக்கும் மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கித்துல்கலவுக்கு மேலே ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. அங்கிருந்து மேற்கே ஓடிக் கொழும்புக்கு வடக்கே அது கடலிற் கலக்கின்றது. முழு நீளம் 145 கிலோமீற்றர்.

பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. இவ்விரு ஓயாக்களும் இன்று தம்மிச்சையாக ஓடும் ஆறுகள் அல்ல. காசல்றீ, மவுஸ்ஸாக்கலை முதலிய நீர்த்தேக்கங்கள் அவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. லக்ஷபான, பொல்பிட்டிய முதலிய மின்னாலைகள் அந்நீரைச் சுரங்க வழியாற் பெற்றுச் சுழலிகளை இயக்கிவிட்டு மீண்டும் ஆற்றில் விடுகின்றன. இம்மலைநீரால் மின்சாரம் ஆக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவருடைய கனவு 1950ஆம் ஆண்டில் லக்ஷபானவில் நனவாயிற்று. அதன்பின் அணைக்குமேல் அணை எழுந்தது. கித்துல்கலவுக்கு அருகிலேயே அமைந்த ‘புரோட்லண்ட்ஸ்’ மின்னாலை, 35 மெகாவாட் ஆற்றலுடன், 2022ஆம் ஆண்டில் நாட்டின் மின்வலையோடு இணைந்தது.

இச்செய்தி பயணிக்கு எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். சொல்வோம். மாலையில் நாட்டிலுள்ள வீடுகளெல்லாம் விளக்கேற்றுகின்றன. மின்சாரத்தின் தேவை உயர்கின்றது. மின்னாலைகள் கூடுதலாகச் சுழல்கின்றன. அவை விடும் நீர் ஆற்றிற் பெருகுகின்றது. பகலிலும் தேவைக்கேற்ப இவ்வேற்றத்தாழ்வு நிகழ்வதுண்டு. ஆகவே, கித்துல்கலவில் ஒரு துளி மழை இல்லாமலே, வெயில் பளிச்சென்று எறிக்கும் வேளையிலேயே, முழங்காலளவு நின்ற நீர் இடுப்பளவுக்கு உயரக்கூடும். நடு ஆற்றுப் பாறையில் அமர்ந்து உணவுப் பொட்டலத்தை அவிழ்த்த குடும்பம், கை கழுவுமுன் நாற்புறமும் நீராற் சூழப்படலாம். மேலே மலையிற் பெருமழை பெய்து அணையின் வான்கதவுகள் திறக்கப்படுமாயின் சொல்லவேண்டியதில்லை. கதவு திறக்குமுன் எச்சரிக்கை விடுப்பது வழக்கமெனினும், ஆற்றின் இரைச்சலில் அது எல்லார் காதிலும் விழும் என்று நம்பியிருத்தல் தகாது.

இதற்கு மாற்று மிக எளிது. ஆற்றில் இறங்குமுன் கரையிலுள்ள ஊரவரைக் கேட்கவேண்டும். ‘இன்றைக்குத் தண்ணீர் எப்பொழுது விடுவார்கள்? எந்த இடத்திற் குளிக்கலாம்?’ என்னும் இரண்டு கேள்விகள் போதும். ஓடக்காரரும், தேநீர்க்கடைக்காரரும், ஆற்றங்கரையில் ஆடை தோய்க்கும் பெண்களும் இவ்வாற்றின் நாடியை நம்மினும் நன்கறிவர். இறங்கியபின் நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுதல் நன்று. அக்கல் மறையத் தொடங்கினாலும், தெளிந்திருந்த நீர் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலும், ஆற்றின் ஓசை கனத்தாலும் அக்கணமே கரையேறிவிட வேண்டும். செருப்பையும் பந்தையும் எடுக்கத் திரும்பலாகாது. பெரியவர் ஒருவர் நீரில் இறங்காது கரையிலேயே நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருத்தல் வேண்டும். மது அருந்தியவர் எவராயினும் ஆற்றில் இறங்கவிடலாகாது. வெளியூரிலிருந்து வந்து ஆறுகளில் மாண்ட இளைஞரைப் பற்றி நம் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அவர்களுள் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் உண்டு. குளத்தில் நீந்தக் கற்றவனுக்குச் சுழியும் பாறையிடுக்கும் புதியவை.

பாய்நீர்ப் படகு

இளைஞரைக் கித்துல்கலவுக்கு ஈர்ப்பது, ‘ராஃப்டிங்’ என்று அவர்கள் வழங்கும் பாய்நீர்ப் படகுச் சவாரி. காற்றடைத்த இறப்பர்ப் படகில் அறுவர் எழுவர் அமர்ந்து, துடுப்பு வலித்து, பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரில் இறங்கிச் செல்லுதலே இவ்விளையாட்டு. இத்தகைய பாய்ச்சல்களை அவற்றின் கடுமைக்கேற்ப ஒன்று முதல் ஆறு வரை தரப்படுத்துவது உலக வழக்கு. கித்துல்கலவிலுள்ளவை பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் தரத்தன. ஆகவே, புதியவரும் தக்க துணையுடன் இறங்கலாம்.

தக்க துணை என்பதை எவ்வாறு அறிவது? படகில் ஏறுமுன் வழிகாட்டி என்ன செய்கின்றார் என்று கவனித்தால் தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் உடலளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் கொடுத்து, வாரைத் தாமே இழுத்துப் பார்த்து, ‘நீரில் விழுந்தால் கால்களை முன்னே நீட்டி மல்லாந்து மிதவுங்கள், எழுந்து நிற்க முயலாதீர்கள்’ என்று சொல்லித் தருபவர் நல்லாசிரியர். ஏனெனில், பாயும் நீரில் எழுந்து நிற்பவனுடைய கால் பாறையிடுக்கிற் சிக்கினால், முழங்காலளவு நீரும் அவனை அமிழ்த்திவிடும். இவற்றைச் சொல்லாது கட்டணத்தை மட்டும் குறைப்பவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைத்தலாகாது. நூறு ரூபாய் மிச்சம் பார்க்கும் இடம் இது அன்று.

இச்சவாரியும் நீர் விடும் நேரத்தைப் பொறுத்ததே. மின்னாலைக்கென நீரை நிறுத்தினால் ஆறு மெலிந்து பாறை தலைகாட்டும். அளவோடு விட்டால் படகு துள்ளும். அளவு மீறினால் சவாரியே நிற்கும். புரோட்லண்ட்ஸ் திட்டம் எழுந்தபோது, இத்தொழிலை நம்பிய ஊர் இளைஞர் கவலை கொண்டதற்கு இதுவே காரணம். ஆகையால், ‘பத்து மணிக்குப் படகு, பதினொன்றுக்குக் குளியல், பன்னிரண்டுக்குச் சாப்பாடு’ என்று வீட்டிலிருந்தே வரைந்து செல்வது பயனற்றது. முதல்நாள் மாலை தொலைபேசியிற் கேட்டு, நீர் வரும் வேளைக்குப் படகையும், எஞ்சிய வேளைக்குக் காட்டையும் ஒதுக்குவதே திட்டமிடுதல்.

எந்த மாதம்?

தென்மேற்குப் பருவக்காற்று மோதும் மேற்குச் சரிவின் அடிவாரம் இவ்வூர். இதற்கு மேலேயுள்ள கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்கின்றது. யாழ்ப்பாணத்து வாசகர் தம்மூர் மழையைப்போல் நான்கு மடங்கு என்று எண்ணிக்கொள்ளலாம். மே முதல் செப்டம்பர் வரை பருவமழை. ஏப்பிரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் காலை தெளிந்திருக்க, பிற்பகலில் இடியும் மின்னலுமாய்ப் பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே ஒப்பளவில் உலர்ந்தது. குடும்பத்தோடும் சிறுவரோடும் செல்ல ஏற்றது. எம்மாதமாயினும் காட்டு நடையை விடியலில் தொடங்கி நண்பகலுக்கு முன் முடித்துவிடுதல் நலம்.

மழையை நாம் வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2016 மே 17ஆம் நாள் இக்கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டத்தின் லயன் குடியிருப்பும் மண்ணுட் புதைந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ சூறாவளியின்போதும் மலைநாடு பெருந் துயருற்றது. இவ்வழிவுகளைச் செய்தியாகப் படித்துவிட்டு, அதே சரிவுகளில் மழைநாளில் உல்லாசமாக வண்டியோட்டிச் செல்லுதல் அறிவுடைமையாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நிலச்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று நிறங்களில் வெளியிடுகின்றது. நாம் செல்லும் பிரதேசத்தின் பெயர் அதில் இருக்குமாயின், நிறம் எதுவென்று வாதிடாது பயணத்தைத் தள்ளி வைக்கலாம். கட்டிய சோற்றை வீட்டிலிருந்தே உண்ணலாம். மலை அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.

காடு காட்டுவது யாது?

ஆற்றின் மறுகரையில், தொங்குபாலத்தாலோ ஓடத்தாலோ கடந்து சென்றால், மக்கந்தாவ என்னும் ஒதுக்குக் காடு தொடங்குகின்றது. தாழ்நில மழைக்காட்டின் எச்சம் இது. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளது. ஆதலின், அநுமதியும், வழி தெரிந்த துணையும் இன்றி உட்புகுதலாகாது.

காடு என்றதும் நம் பிள்ளைகள் யானையை எதிர்பார்ப்பர். அவ்வெதிர்பார்ப்பை வீட்டிலேயே திருத்திவிடுதல் பெற்றோர் கடன். யானைக்கூட்டத்தைக் காண விரும்புவோர் செல்லவேண்டியது, 1972ஆம் ஆண்டிற் பிரகடனம் செய்யப்பட்ட உடவளவைத் தேசியப் பூங்கா. அது இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியே செல்லும் நெடும்பயணம். கித்துல்கலவோடு ஒரே நாளில் முடிப்பது அன்று. கித்துல்கலக் காடு காட்டுவது சிறியவற்றை: மலையணில், ஊதாமுக மந்தி, நிறம் நிறமான நத்தை, தவளை, ஓணான், யாவற்றினும் மேலாகப் பறவை. இலங்கையில் அன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத பறவைகள் பல இங்குள்ளன. நீல உடலும் சிவந்த அலகும் உடைய இலங்கை நீல வால்காக்கை, பச்சை அலகுச் செண்பகம், புதர்களுள் மறைந்து கூவும் இலங்கைச் சுண்டங்கோழி ஆகியவை அவற்றுட் சில.

இக்காட்டின் பெருமையை விளக்கும் வரலாறு ஒன்றை மாணவர்க்குச் சொல்வோம். 1995ஆம் ஆண்டிற் பறவையியலாளர் தீபால் வரகாகொட, கித்துல்கல மழைக்காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அவரறிந்த எந்தப் பறவையின் குரலும் அதனோடு பொருந்தவில்லை. கேட்டதை அவர் மறந்துவிடவும் இல்லை. அவசரப்பட்டு முடிவு சொல்லவும் இல்லை. ஆறாண்டுகள் கழித்து, 2001 ஜனவரி 23ஆம் நாள், சிங்கராஜ வனத்தில் அக்குரலுக்குரிய செந்நிறச் சிற்றாந்தையைக் கண்ணாற் கண்டார். 2004ஆம் ஆண்டில் அது அறிவியலுலகுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டு, இந்நாட்டு வனங்களைக் காக்கப் பாடுபட்ட திலோ ஹொப்மன் அவர்களின் பெயரைப் பெற்றது. நன்கறியப்பட்ட இச்சிறு தீவில், கொழும்பிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில், ஒரு பறவை இருபத்தோராம் நூற்றாண்டு வரை பெயரின்றிக் கூவிக்கொண்டிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு ஒருவர் நின்றதனால் அன்றோ அது நமக்குத் தெரியவந்தது?

இதிலிருந்தே காட்டு நடையின் விதி பிறக்கின்றது. ஒலிபெருக்கியைப் பையோடு வண்டியில் விட்டுவிடவேண்டும். பத்துப் பேருக்கு மேற்பட்ட கூட்டத்தை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். கால்மணி நேரம் ஓரிடத்தில் அசையாது நின்றால் காடு தானே நம்மிடம் வரும். கூடவே ஒரு குறிப்புப் புத்தகமும், இருக்குமாயின் ஓர் இருகண் தொலைநோக்கியும் கொண்டுசெல்லலாம். கண்டதைப் பெயர் தெரியாவிட்டாலும் நிறம், அளவு, குரல், நேரம் என்று நான்கு வரியில் எழுதச் செய்தால், அது வகுப்பறையிற் பெறமுடியாத பயிற்சியாகும்.

அட்டைக்கு அஞ்சுவோர்க்கு ஒரு சொல். மழைக்காட்டில் அட்டை இல்லாத இடம் அருமை. நெருங்க நெய்த நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறைமேற் சவர்க்காரம் பூசிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கடித்த அட்டையைப் பிய்த்தெறியாமல் சிறிது உப்பு நீர் தொட்டால் தானே விழும். கடிவாயைக் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும். அட்டையினும் கவனிக்கவேண்டியது, உதிர்ந்த சருகின் நிறத்தோடு ஒத்துக் கிடக்கும் சிறு விரியன். ஆதலின், மூடிய காலணி அணிதலும், கையூன்றுமுன் பார்த்தலும், பாதையைவிட்டு விலகாதிருத்தலும் கட்டாயம். தீண்டப்பட்டவரை நடக்கவிடாது, கடிவாயைக் கீறாது, இறுகக் கட்டாது, விரைந்து அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

குகையும் பாலமும்

வானம் இருண்டு ஆறும் காடும் தகாதெனத் தோன்றும் நாளிலும் கித்துல்கல நம்மை வெறுங்கையோடு அனுப்பிவிடாது. அது சரித்திரமும் தரவல்லது.

ஊரிலிருந்து சில கிலோமீற்றர் ஏறினால் பெலிலென என்னும் கற்குகை இருக்கின்றது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் தொல்பொருள் அறிஞர் சிரான் தெரணியகல முதலியோர் இங்கு நிகழ்த்திய அகழ்வாய்வில் மனித எலும்புகளும், நுணுக்கமாகச் செதுக்கிய சிறு கற்கருவிகளும் கிடைத்தன. அக்கருவிகளுட் சில 27,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கெக்குணக் கொட்டை, காட்டு ஈரப்பலா, காட்டு வாழை, நத்தை ஆகியவை அம்மக்களின் உணவு. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் உப்பும் கொண்டுவரப்பட்டது என்பதற்கும் சான்று கிடைத்தது. வண்டியும் வீதியும் இல்லாத காலத்தில் கடலையும் மலையையும் இணைத்த வழி எதுவாயிருக்கும்? பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள். குகைவாயிலிருந்து கீழே பார்ப்பவனுக்கு ஆற்றின் திசை அவ்விடையை ஊகிக்கத் தரும். குகையின் சுவரிற் பெயர் கீறுவதும், மண்ணைக் கிளறுவதும் குற்றம் என்பதை முன்னரே அறிவுறுத்தவேண்டும்.

இன்னொன்று திரைப்படப் பாலம். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளியாகி, ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்’ என்னும் ஆங்கிலப் படத்துக்காக, இவ்வாற்றின்மேல் மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டுப் படக்கருவியின் முன்னே தகர்க்கப்பட்டது. அதன் அடித்தளங்கள் ஆற்றோரத்தில் இன்றும் உள்ளன. படத்தின் கதை நிகழ்வதோ தாய்லாந்தில். இரண்டாம் உலகப் போரில், 1942–43ஆம் ஆண்டுகளில், ஜப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்கு இட்ட 415 கிலோமீற்றர் இரயில்பாதையே அதன் பின்னணி. படம் பிரித்தானியப் போர்க்கைதிகளின் துயரைக் காட்டிற்று. அப்பாதையில் மடிந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ அதனினும் பன்மடங்கினர். அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களைப் படம் காட்டவில்லை. இறப்பர் மரங்கள் சூழ்ந்த இக்கரையில் நின்று இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கடமை தமிழ்ப் பெற்றோருக்கு உண்டு.

இங்கிருந்து எங்கெங்கே?

கித்துல்கலவில் இரண்டு மூன்று நாள் தங்குவோர், ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொள்ளுதல் நன்று. கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்குச் சென்றால் சிவனொளிபாதமலை. உயரம் 2,243 மீற்றர். யாத்திரைக் காலம் மார்கழியில் வரும் உந்துவப் பௌர்ணமி முதல் வெசாக் வரை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இரவிலே ஏறி விடியலிற் கதிரவனைக் காண்பது வழக்கமாதலின், அதற்கு முந்திய பகலைப் படகிற் செலவிட்டுக் களைத்தல் கூடாது. அவ்வழியிலுள்ள அபர்டீன் அருவி 98 மீற்றர் உயரம். கண்ணாற் கண்டு மகிழ்வதற்குரியது, அதன் மடு குளிப்பதற்குரியது அன்று. 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிங்கராஜ வனத்துக்கு அவிசாவளை, இரத்தினபுரி, கலவானை வழியே குடாவ வாயிலை அடையவேண்டும். போக வர வழியிலேயே ஒருநாளின் பெரும்பகுதி கழியுமாதலால், அங்கேயே ஓர் இரவு தங்கத் திட்டமிடுவதே முறை. பிள்ளைகளை நான்கு மணிக்கு எழுப்பி, நான்கு இடங்களை ஓட்டமாகக் காட்டி, நள்ளிரவில் வீடு சேர்ப்பதைப் பயணம் என்று சொல்லலாமா? ஒன்றை நிதானமாகக் கண்டவன் கண்டவன்.

பஸ்ஸில் வருவோர்க்கு இரயில் துணை அவிசாவளை வரைதான். எட்டியாந்தோட்டை வரை ஒருகாலத்தில் ஓடிய களனிப் பள்ளத்தாக்கு இரயில்பாதையின் அப்பகுதி இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே அகற்றப்பட்டது. அவிசாவளையிலிருந்து அட்டன் செல்லும் பஸ்கள் கித்துல்கல வழியே ஏறுகின்றன. தங்குவதற்கு ஆற்றங்கரை வாடிவீடும் விடுதிகளும் உண்டு. நீண்ட விடுமுறையிலும் பௌர்ணமி நாள்களிலும் கூட்டம் நெருங்குமாதலால் முன்னரே பதிவுசெய்தல் வேண்டும்.

புறப்படுமுன் ஒரு தாளில் எழுதி வைக்கவேண்டியவை இவை: செல்வோர் பெயரும் வயதும், இரத்த அழுத்தம், இழுப்பு, வலிப்பு உடையோர் யார் என்பது, நீந்தத் தெரியாதோர் யார் என்பது, அன்று செல்லும் வழி, திரும்பும் நேரம். அத்தாளின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். காட்டினுள்ளே கைத்தொலைபேசி எல்லா இடத்திலும் பேசாது. அநர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, நோயாளர் வண்டிக்குரிய 1990, பொலிசாரின் 119 ஆகிய மூன்று எண்களையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கலாம்.

ஆற்றுக்கு நாம் செய்வது

இதுவரை ஆறு நமக்கு என்ன செய்யும் என்று பேசினோம். நாம் ஆற்றுக்கு என்ன செய்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கித்துல்கலவின் பாறையில் நாம் விட்டுவரும் பொலித்தீன் பையும் பிளாஸ்திக்குப் போத்தலும் அங்கேயே தங்குவதில்லை. அடுத்த நீர்ப்பெருக்கில் அவை கீழே செல்கின்றன. கீழே அம்பத்தளையில் அதே களனி கங்கையின் நீரை எடுத்துத் தூய்மை செய்துதான் கொழும்பு மாநகர் குடிக்கின்றது. சுற்றுலா முடிந்து வீடு திரும்பிய கொழும்புக் குடும்பம் குழாயைத் திறக்கும்போது, தான் உல்லாசமாக எறிந்ததற்கு எதிரே நிற்கின்றது. வாழையிலையிற் சோற்றைக் கட்டி, தண்ணீரைக் கொண்டுசென்ற போத்தலிலேயே வெறும் போத்தலையும் திருப்பிக் கொண்டுவந்தால் இப்பழி நமக்கில்லை.

மேலும் ஒன்று. நாம் ‘இயற்கைக் காட்சி’ என்று படம் பிடிக்கும் அச்சரிவுகளில் மனிதர் வாழ்கின்றனர். அதிகாலையில் இறப்பர்ப் பால் எடுக்கவும் கொழுந்து பறிக்கவும் செல்லும் நம் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களும், கித்துள் சீவும் சிங்களக் குடும்பங்களும் அவ்வாற்றையும் மலையையும் நம்பி வாழ்வோர். அவர்களுடைய குளிக்கும் துறையில் ஆரவாரம் செய்தலும், லயன் வாசலிற் கேளாது படம் எடுத்தலும் பண்பாகா. வழிகாட்டுதலுக்கு ஊர் இளைஞரை அமர்த்தி உரிய கூலி கொடுப்போம். பாணியும் கருப்பட்டியும் ஊர்க்கடையில் வாங்குவோம். ‘தம்பி, அக்கா, ஐயா’ என்று அழைத்து இரண்டு சொற் பேசுவோம். எந்தப் பாறை வழுக்கும், எந்த மடுவில் சுழி உண்டு, எந்த ஓடை மழை வந்தால் பாதையை மறிக்கும் என்பதையெல்லாம் அவர்கள் சொல்லியே நாம் அறியவேண்டும். எந்த வரைபடமும் அவற்றை எழுதி வைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! அடுத்த விடுமுறைக்கு உங்கள் வீட்டில் ஆலோசனை நடக்கும்பொழுது, சமையற் பட்டியல் முடிந்தவுடன் நீங்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மழை, ஆறு, அநுமதி, துணை, திரும்பும் நேரம் என்று ஐந்து தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை காணும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். ஐந்துக்கும் விடை கிடைத்தபின் வண்டி பேசலாம். விடை கிடையாத தலைப்பு ஒன்றேனும் இருக்குமாயின், அன்றைய பயணத்தை வேறொரு நாளுக்கு மாற்றுமாறு பெரியோரிடம் பணிவோடு சொல்லுங்கள். அதனை அச்சம் என்று எவரேனும் நகைத்தால் நகைக்கட்டும். போனவர் அனைவரும் திரும்பி வந்து, கண்டதையும் கேட்டதையும் இரவுச் சாப்பாட்டில் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழும் வீடே நல்ல பயணம் செய்த வீடு.